கால் எட்டாத வண்டி

என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதை முதலிலேயே நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி, நான் அவர்கள் மேல் பாய்ந்து, பிறகு நாலு பேர் வந்து விலக்கிவிடுவதைவிட இது எல்லோருக்கும் நிம்மதி. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் எனக்குப் பல பெயர்கள் இருந்தன. குள்ளக் கத்திரிக்காய், அரைப்படி, கட்டைவிரல். ஒவ்வொரு பெயருக்கும் எவனாவது ஒருவனுடைய மூக்கோ உதடோ கிழிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் வகுப்பில் படித்த ஒருவனின் காதைக் கடித்து ரத்தம் வரவழைத்ததற்காக வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அங்கே நின்றபோதுதான் அந்த வகுப்பிலேயே நான் உயரமானவனாக இருந்தேன். அதனால் அது எனக்குத் தண்டனையாகவே தோன்றவில்லை.

வளர்ந்த பிறகு போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். அளவுக் கம்பத்தின் கீழே நிறுத்தினார்கள். அளந்தவர் கம்பத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அடுத்த ஆள்" என்றார். வரிசையில் ஒருவன் சிரித்தான். வெளியே வந்ததும் அவன் வரும்வரை காத்திருந்து அடித்தேன். அவனுக்கு வேலை கிடைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நல்லவேளையாகச் சீருடை இன்னும் கொடுத்திருக்கவில்லை.

கடைசியில் ஒரு பம்புசெட்டுக் கடையில் சேர்ந்தேன். கிணறுகளில் கமலை மாடுகள் ஓய்ந்து கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம் அது. அகரம், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் மோட்டார் ஓடவில்லை என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். போய்ப் பார்ப்பவனுக்குத்தான் மரியாதை. கிணற்றடியில் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், கயிற்றுக் கட்டில் போடுவார்கள். முதலாளியோ சொந்த வண்டி இருப்பவனைத்தான் ஊர்களுக்கு அனுப்புவார். எனக்கு வண்டி இல்லை. கடைக்குள் இருட்டில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்கப் போனபோது அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோதுதான் விஷயம் புரிந்தது. என் உச்சந்தலை அவளுடைய மூக்குக்கு நேராக நின்றது. பெண் பனைமரம் என்று ஏற்கெனவே சில இடங்களில் வேண்டாமென்று சொல்லியிருந்தார்களாம். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. கல்யாணப் போட்டோவுக்கு ஸ்டூடியோக்காரர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். அப்படியும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர் வாய்க்குள் சிரித்ததைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

மாமனார் புகையிலை வியாபாரி. உலகச் சண்டை முடிந்த பிறகு மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டதில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்து வைத்திருந்தார். பச்சை நிறம், யானைக் கனம், இரும்புச் சுருள்கள் மேல் உட்கார்ந்த அகலமான சீட்டு. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காலுக்காகச் செய்த வண்டி. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஆறடி ஆள். அவன் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் மடிந்து நிற்கும். எந்த ஊரில் என்ன வம்பு என்றாலும் அந்த வண்டியில் போய் இறங்கி அடிப்பான், அதே வண்டியில் ஏறி வந்துவிடுவான். தாடிக்கொம்புப் பக்கம் ஒருவனின் தாடையை உடைத்துவிட்டு வந்த பிறகு மாமனாருக்குப் பொறுக்கவில்லை. வண்டியைப் பிடுங்கி, தலை ஆடிச் சீருக்கு எங்களை அழைத்தபோது, சாப்பாட்டு இலை முன்னால் வைத்து எனக்குக் கொடுத்துவிட்டார்.

மச்சானும் என்னோடு பந்தியில்தான் இருந்தான். "அப்பா, அதுல ஏறுறதுக்கே இந்தாளுக்கு ஏணி வேணும்" என்றான்.

"ஏணி எதுக்கு மச்சான், ஒங்க தோள்ல கால வச்சு ஏறிக்கிறேன்" என்றேன்.

அவன் கையிலிருந்த செம்பு பறந்து வந்து என் புருவத்தில் பட்டது. ரத்தம் பாயசத்தில் சொட்டியது. எழுந்த வேகத்தில் தலையால் அவன் வயிற்றில் முட்டினேன். என் உயரத்துக்கு அதுதான் எட்டும். அவன் என் கழுத்தைப் பிடித்தான், நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். இலை, வடை, சாம்பார் வாளி எல்லாம் எங்களுக்குக் கீழே கிடந்தன. மாமனார் மாட்டு வண்டிச் சாட்டையை எடுத்து வந்து இருவர் முதுகிலும் வீசினார். மகன் என்றும் மாப்பிள்ளை என்றும் அவர் பேதம் பார்க்கவில்லை. மூச்சு வாங்க நாங்கள் பிரிந்ததும் ஒரு பேச்சு சொன்னார்.

"வண்டி மாப்ளைக்குத்தான். ஆனா நடு ரோட்டுல, நாலு பேரு பாக்க, ஒரே ஒரு தடவ அத கீழ போட்டாருன்னா அன்னைக்கே அது இவனுக்கு. அதுக்கப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

மச்சான் கடிபட்ட கையை உதறிக்கொண்டே, "ஒரு மாசம் தாங்காது" என்றான். நான் ஒத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் அடுக்களை வாசலில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று காப்பித்தூளைக் காயத்தில் அப்பும்போது, "ஒரு இரும்புக்காக ஆளாளுக்குச் சாவுங்க" என்றாள்.

ஆனால் எனக்கு அது இரும்பு இல்லை. அதில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. கடைவீதியில் போகும் ஆட்களின் உச்சந்தலைகளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். எத்தனை பேருக்கு வழுக்கை என்று ஊருக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஓடும் வண்டியில் இருப்பவனை யாரும் குள்ளன் என்று சொல்வதில்லை. முதலாளி அடுத்த வாரமே என்னை ஊர்களுக்கு அனுப்பினார். கிணற்றடியில் கயிற்றுக் கட்டில் எனக்கும் போட்டார்கள். அந்த வண்டியை இழப்பதைவிடக் காலை இழந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

பிரச்சினை ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான். என் கால் நுனிக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. மலைக்கோட்டைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பழகினேன். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவேன், வண்டி மேலே விழும். சைலன்சர் பட்டு வலது கெண்டைக்கால் வெந்தது. உதைத்துக் கிளப்பும் கம்பி திருப்பி உதைத்து முழங்கால் சில்லு வீங்கியது. கோபத்தில் நானும் அந்த வண்டியை உதைத்திருக்கிறேன், பெட்ரோல் டாங்கியில் ஓங்கிக் குத்தியிருக்கிறேன். அதில் எனக்கு விரல் பிசகியதுதான் மிச்சம்.

பிறகு சீட்டைக் குறைக்கப் பார்த்தேன். ஜட்கா வண்டிகளுக்கு மெத்தை தைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய், நாரைப் பாதி பிடுங்கச் சொல்லி, சுருளையும் வெட்டச் சொன்னேன். இரண்டு விரல் இறங்கியது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரும்புச் சட்டம் நேராக முதுகெலும்பில் வந்து இடித்தது. அகரம் வரை போய்வந்தால் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. மீதி இரண்டு விரலுக்கு டயர் செருப்பு. செருப்புத் தைப்பவரிடம் ஒன்றன் மேல் ஒன்றாக டயரை வைத்து ஆணியடித்துக் கனமாக ஒரு ஜோடி செய்துகொண்டேன். அதைப் போட்டு நடந்தால் சப்தம் தெருமுனை வரை கேட்கும். அப்படியும் பெருவிரல் நுனிதான் தரையைத் தொடும். அந்த நுனியில் அவ்வளவு கனத்தைத் தாங்க முடியாது.

கடைசியில் வழி காட்டியது ரோடுதான். ரோட்டோரத்தில் பர்லாங்குக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். முழங்காலுக்கும் கீழே நிற்கும் சின்னக் கல். வண்டியை அதன் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி இடது காலை அதன் தலையில் வைத்தால் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கலாம். எந்த ஊரில் எந்தக் கல் ஆடும், எது மண்ணில் புதைந்திருக்கிறது, எதன் பக்கத்தில் முள் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கல் இல்லாத இடத்தில் நிறுத்த மாட்டேன். கல் வரும் வரைக்கும் வட்டம் அடித்துக்கொண்டிருப்பேன். விவசாயிகள் கிணற்றடியில் நின்று கையைக் காட்டுவார்கள், நான் அவர்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவேன். வண்டிக்காரருக்குக் கொஞ்சம் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

சண்டைக்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். முதலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுவேன், பிறகுதான் அடிப்பேன். இது தெரிந்தவர்கள் நான் ஸ்டாண்டு போடுவதற்குள் ஓடிவிடுவார்கள். விவரமானவர்கள் ஸ்டாண்டு போடுவதற்குள் அடித்துவிடுவார்கள்.

மச்சான் சும்மா இருக்கவில்லை. அகரம் போகும் பாதையில் நான் வழக்கமாக நிறுத்தும் கல் ஒரு நாள் காணவில்லை, குழிதான் இருந்தது. அதில் முன்சக்கரம் இறங்கி விழப் பார்த்தேன். எப்படியோ முறுக்கித் தப்பினேன். சில நாள் கழித்து மாமனார் வீட்டுக் கொல்லையில் அந்தக் கல் துணி துவைக்கக் கிடந்தது, எண்கூட அழியவில்லை. அன்று பஸ் ஸ்டாண்டு முன்னால் மச்சானைப் பார்த்தேன். வண்டியை ஒரு கைவண்டியில் சாய்த்து, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தேன். டயர் செருப்பின் ஆணி பட்டு ஒரு முன்பல் போயிற்று. அவன் என்னைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வாழைத்தார் குவியலில் எறிந்தான். என் விலா எலும்பு ரொம்ப நாள் வலித்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் நின்றது. அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே முதலில் அதைத்தான் பார்த்தான், நானும் அதைத்தான் பார்த்தேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது. வண்டி விழவில்லை.

வெள்ளிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் என் மனைவி பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். அந்த நாட்கள் எனக்கு உற்சாகம். அவள் இருந்தால் கல்லே வேண்டியதில்லை. பூக்கடை முன்னால், பெட்ரோல் பங்கில், மாட்டு வண்டிக்குப் பின்னால் என்று நினைத்த இடத்தில் நிறுத்துவேன், நுனிக்கால்தான் ஊன்றுவேன், வண்டி அசையாது. பின்னால் பாரம் இருந்தால் வண்டி படிந்து உட்கார்ந்துவிடுகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கடையில் ஒருவன், பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத வண்டி எப்படிப் படியும் என்று கேட்டான். ஓட்டுகிறவனுக்குத் தெரியுமா உனக்குத் தெரியுமா என்று ஸ்பானரைத் தூக்கினேன், அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவளிடம் எனக்கு ஒரே குறை, செருப்பு விஷயம். அவளுடைய இடது செருப்பு மட்டும் ஓயாமல் தேய்ந்துபோகும். "நொண்டியா நீ, நேரா நடக்க மாட்டியா" என்று ஒவ்வொரு முறை அடி மாற்றும்போதும் திட்டுவேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகவே நடந்து போவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் கடையில் வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, விளக்கு மேல் செவ்வந்தி மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கிப் பூஜை முடித்தேன். மதியத்துக்கு மேல் அவளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்தில் அவள் சித்தி வீட்டுக்குக் கிளம்பினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் சூரியன் நேராகக் கண்ணில் அடித்தது. ஒரு வளைவில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை மறித்துக் கடந்தது. அந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு கல் உண்டு. ஆடாத கல், தலை தட்டையாக இருக்கும். அவள் பின்னால் இருக்கிறாள், கல் வேண்டியதில்லை. ஆனாலும் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இடது காலைத் தூக்கி அதன் தலையில் வைத்தேன்.

கால் வழுக்கியது. குனிந்து பார்த்தேன். டயர் செருப்புக்கு அடியில் மாலை நசுங்கிக் கிடந்தது. கல்லைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, எண்ணுக்குப் புதுக் கறுப்புப் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். முன்னால் வரிசையாகக் கடப்பாரைகளும் மம்பட்டிகளும் பொட்டு வைத்துக் கிடந்தன. என் முன்சக்கரம் பொரி பரப்பிய இலை மேல் ஏறி, ஒரு கடப்பாரையில் முட்டி நின்றிருந்தது. அந்த அதிர்ச்சியில் எஞ்சின் அணைந்துவிட்டது. ரோடு போடும் கூலி ஆட்களுக்கு அந்தக் கல்தான் தொழில். மற்றவர்கள் தராசையும் தறியையும் கும்பிடுவதுபோல அவர்கள் அதைக் கும்பிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் செய்வதுதான். எனக்கும் தெரியும், ஆனால் அந்த நிமிஷம் நினைவில் இல்லை.

புளியமர நிழலில் பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். முன்னால் வந்தவன் நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"ஏலே, கால எடுறா."

வண்டி கல் பக்கம் சாய்ந்துவிட்டது, பின்னால் பாரம் இருந்தாலும் காலை எடுத்தால் விழும். நாலு பேருக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "எடுக்க முடியாது" என்றேன்.

"சாமி மேல செருப்புக் கால வச்சுக்கிட்டு எடுக்க முடியாதுங்கிறியா?"

"செத்த பொறுங்கப்பா. வண்டிய ஒருத்தன் புடிங்க, எறங்கிக்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். இன்று வரை அந்த வாக்கியத்தை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்று வந்தது வேறு. "ரோட்டுல நட்ட கல்லு. ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றேன்.

முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ரீங்காரம். இரண்டாவது பின்னந்தலையில். என் இரண்டு கையும் கைப்பிடியைப் பற்றியிருந்தன. வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கையை எடுத்தால் வண்டி போச்சு. ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், கிழிந்து வந்தது. ஒருவன் மம்பட்டிக் காம்பால் என் தொடையில் அடித்தான், வைத்த காலைத் தட்டிவிடப் பார்த்தான். நான் கல்லை இன்னும் அழுத்தி மிதித்தேன். அது அவர்களை இன்னும் வெறியேற்றியது. என் உதடு கிழிந்து ரத்தம் டாங்கி மேல் வைத்த சந்தனத்தில் விழுந்தது.

பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "கால எடுங்க. ஒண்ணும் ஆகாது, எடுங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? நீ எறங்கி அங்கிட்டுப் போ" என்று கத்தினேன்.

அவள் இறங்கிப் போகவில்லை. பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் அங்கேயே இருந்தாள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. அடி படுவாளே என்ற பயமும் இருந்தது.

"கால எடுங்கங்கிறேன்ல" என்றாள் மறுபடியும்.

வாட்டசாட்டமான ஆள் குனிந்து ஒரு கடப்பாரையை எடுத்தான். அதன் பின்பக்கத்தால் என் இடது முழங்கையில் இடித்தான். உள்ளே ஏதோ முறிந்த சப்தம் எனக்கே கேட்டது. அப்போதும் விரல்கள் கைப்பிடியை விடவில்லை. கண் இருட்டியது. அடுத்த இடி தலைக்கு வரும் என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன், கையை எடுக்கவில்லை.

அப்போது வண்டி விழுந்தது. தாங்கியிருந்த சுவரை யாரோ உருவியதுபோலச் சட்டென்று இடது பக்கம் சரிந்தது. என் கை அதைத் தாங்கவில்லை, கால் கல்லிலிருந்து நழுவியது. கல் தடுத்ததால் கால் நசுங்கவில்லை. விளக்குக் கண்ணாடி உடைந்து பொரியோடு கலந்தது. கூட்டம் ஒரு நொடி பின்வாங்கியது. என் கைகள் காலியாக இருந்தன.

எழுந்து அந்த ஆளின் மேல் பாய்ந்தேன். தலையால் அவன் மூக்கில் முட்டினேன், உடைந்தது. அவன் கடப்பாரையை விட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்தவனின் தொண்டையில் வலது கையால் குத்தினேன். அதற்குமேல் நடந்தது ஒழுங்காக நினைவில்லை. கீழே கிடந்தேன், விலாவில் உதைகள் விழுந்தன. பிறகு உதைகள் நின்றன.

கண்ணைத் திறந்தால் எனக்கு முன்னால் இரண்டு கால்கள். என் மனைவி அந்தக் கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்து, என்னைத் தாண்டி நின்றிருந்தாள். அங்கிருந்த ஆண்களில் பாதிப்பேரைவிட அவள் உயரம். சேலை முந்தானை கிழிந்திருந்தது.

"கால வச்சது தப்பு. அதுக்கு அடிச்சாச்சு. இனிமே ஒருத்தன் கை பட்டுச்சுன்னா மண்டையப் பொளந்துருவேன். வாங்க, எவன் வாரீங்க?"

அம்மன் வந்து நின்ற மாதிரி இருந்தது என்று பிற்பாடு அந்தப் பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபம் வந்த ஒரு பெண் கடப்பாரையோடு நின்றாள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது. அவர்களுடைய மேஸ்திரி, நரைத்த மீசைக்காரர், கையை விரித்து ஆட்களைத் தடுத்தார். விழுந்து கிடந்த என் வண்டியின் மாலையைக் காட்டிச் சொன்னார்: "நீ ஒன் வண்டியக் கும்புடுற. நாங்க எங்க கல்லக் கும்புடுறோம். இம்புட்டுத்தான் அப்பு விசயம். வாயக் கொஞ்சம் அடக்கியிருந்தா இம்புட்டு ரத்தம் வேணாம்."

அவள் கடப்பாரையை இருந்த இடத்திலேயே வைத்தாள். குடத்திலிருந்த தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள். என்னைத் தூக்கி நிறுத்தி, நல்ல கையால் அதைத் தொட்டுக் கும்பிட வைத்தாள். அந்த வழியாக வந்த வெங்காய லாரியில் மேஸ்திரியே கையைக் காட்டி எங்களையும் வண்டியையும் ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் மச்சான் வந்துவிட்டான். ஊருக்கே தெரிந்துவிட்டது. பல் போன வாயோடு சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் முகத்தையும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையையும் பார்த்தான்.

"எவன் மாப்ள?"

சொன்னேன். அப்படியே கிளம்பிப் போனான். மாலையில் சட்டை கிழிந்து, காது வீங்கி, முட்டியெல்லாம் ரத்தமாகத் திரும்பினான். "ஒங்கள அடிக்கிறதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன். மத்தவனுக்கு என்ன வேல?" என்றான். பிறகு முற்றத்துக்குப் போய், வளைந்த கைப்பிடியைத் தன் முழங்காலில் கொடுத்து நிமிர்த்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். பேச்சு பேச்சுதான். நான் வாயைத் திறக்கவில்லை.

கை கூடியதும் மறுபடியும் கடைக்குள் போய்க் கம்பி சுற்ற உட்கார்ந்தேன். ஊர்களுக்கு வேறு ஒருவன் போனான். தெருவில் நடந்தால் மறுபடியும் எல்லோருடைய மார்பையும் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் என் இடது கையைத் திட்டுவேன். இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தால் மேஸ்திரி வந்து தடுத்திருப்பார், வண்டி விழுந்திருக்காது, எல்லாம் இந்தக் கை விட்டதால் வந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சில மாதம் பொறுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து அதே பாட்டைத் தொடங்கினேன். ஒரு சாண் கால் கூடுதலாக இருந்திருந்தால் அந்த வண்டி நின்றிருக்கும் என்றேன்.

"கால் இருந்துச்சு" என்றாள்.

"என்ன?"

"என் கால். ரெண்டு வருசமா நீங்க நிறுத்துன எடத்துல எல்லாம் எதுல நின்னுச்சு வண்டி? நான்தான் எறங்காம கீழ ஊனிக்கிட்டு இருந்தேன்." முறத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கும் ஊனியிருந்தேன். கால எடுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

படியிலிருந்து எழுந்துவிட்டேன். "அப்ப எப்படி விழுந்துச்சு?"

"நீங்க கல்லுல இருந்து எடுக்கல. அதான் நான் எடுத்துட்டேன்."

என் வலது கை தானாக ஓங்கி எழுந்தது. எத்தனையோ பேர் மேல் இறங்கிய கை. அவள் விலகவில்லை, முறத்தையும் கீழே வைக்கவில்லை. ஓங்கிய கையை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தக் கைக்காகத்தான். ரெண்டு கையும் வண்டியிலயே இருந்தா அடுத்த அடி மண்டையில விழும். எனக்கு வண்டி வேணாம்னு தோணுச்சு."

அவள் மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள். நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடியும் படியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவளுடைய செருப்புகள் கிடந்தன. வண்டி போன பிறகு வாங்கிய ஜோடி. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.